கத்துற கோச், கத்தாத அம்பயர்

பேஸ்பால்ல அம்பயர் சொன்ன தீர்ப்பு பிடிக்கலன்னா மேனேஜர் மைதானத்துக்குள்ளயே வந்துடுவாரு. (மேனேஜர்னா அந்த ஆட்டத்துல தலைமை கோச்.) அணி உக்காருற டக்-அவுட்ல இருந்து எழுந்து, வேக வேகமா நடந்து, அம்பயர் மூக்குக்கு நேரா முகத்தை நீட்டிக்கிட்டுக் கத்துவாரு. ஆட்டம் நிக்கும். கூட்டம் மொத்தமும் எழுந்து வேடிக்கை பார்க்கும். கிரிக்கெட்ல கோச் எல்லைக் கயிறைத் தாண்டினாலே அது பெரிய செய்தி. ஃபுட்பால்ல கோச்சுக்குன்னு கோடு போட்டு ஓர் இடம் ஒதுக்கியிருக்காங்க, குதிக்கிறதெல்லாம் அதுக்குள்ளயே குதிச்சுக்கணும். பேஸ்பால் மேனேஜர் அப்படி இல்ல. அறுபது வயசுலயும் வீரர்கள் போடுற அதே சீருடையைப் போட்டுக்கிட்டு, தொப்பை குலுங்க உள்ள வர்றாரு.

இதுல வேடிக்கை என்னன்னா, விதிப் புத்தகம் இதை அனுமதிக்கவே இல்ல. பிட்ச்சர் (பந்து எறியுறவர்) போட்ட பந்து ஸ்ட்ரைக்கா (பேட்டருக்கு எதிரா கணக்காகுற பந்து) இல்லையா, ஓடினவர் அவுட்டா இல்லையான்னு அம்பயர் கண்ணால பார்த்துச் சொல்றது முடிவான தீர்ப்பு. அதை வீரரோ மேனேஜரோ எதிர்க்கக் கூடாதுன்னு தெளிவா எழுதியிருக்கு. அம்பயர் விதியையே தப்பா பிரயோகிச்சா மட்டும்தான் மேனேஜர் முறையிடலாம். ஆனா புத்தகம் ஒரு பக்கம், நூறு வருஷப் பழக்கம் இன்னொரு பக்கம். கொஞ்ச நேரம் கத்த விடுறதுதான் மரபு. அந்தக் 'கொஞ்ச நேரம்' எவ்வளவுன்னு முடிவு பண்றது அம்பயர். அவரோட சாமர்த்தியம் முழுக்க அந்த இடைவெளிக்குள்ளதான் இருக்கு.

கத்துறதுலயே பேர் வாங்கினவர் ஏர்ல் வீவர். பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியை 1968-ல இருந்து 1982 வரைக்கும், அப்புறம் 1985, 86-லயும் நடத்தினவர். குள்ளமான ஆளு. தொப்பியோட முன்விளிம்பு அம்பயர் மேல பட்டா 'தொட்டுட்டாரு'ன்னு ஆயிடுமே, அதனால தொப்பியைப் பின்னாடி திருப்பிப் போட்டுக்கிட்டு வருவாரு. அப்பதான் இன்னும் ரெண்டு அங்குலம் நெருங்க முடியும்! விதிப் புத்தகத்தை மைதானத்துல வெச்சே கிழிச்சிருக்காரு. தொண்ணூறு தடவைக்கு மேல அம்பயர்கள் அவரை வெளிய அனுப்பியிருக்காங்க. 1975-ல ஒரே நாள்ல ரெண்டு ஆட்டம் நடந்தப்போ, ரான் லூசியானோங்கிற அம்பயர் ரெண்டுல இருந்துமே அவரைத் துரத்தினாரு. ரெண்டாவது ஆட்டம் அப்போ இன்னும் ஆரம்பிக்கவே இல்ல.

எண்ணிக்கையில வீவரை விடப் பெரிய ஆளு அட்லாண்டா பிரேவ்ஸ் மேனேஜர் பாபி காக்ஸ். வழக்கமான சீசன் ஆட்டங்கள்ல மட்டும் 150 தடவைக்கு மேல வெளியேற்றம். அதுதான் சாதனை. (இதையும் சாதனைன்னுதான் சொல்லணும், வேற வார்த்தை இல்ல.) 1990-ல சின்சினாட்டி ரெட்ஸ் மேனேஜர் லூ பினியெல்லா கோபத்துல முதல் பேஸையே (ஓடுறவர் தொட வேண்டிய மெத்தை) பிடுங்கி வீசினாரு. 2007 ஜூன்ல ஃபில் வெல்மன்ங்கிற மைனர் லீக் மேனேஜர் ஒரு படி மேல போனாரு. ஹோம் பிளேட்டை (பேட்டருக்கு முன்னால தரையில இருக்கிற தகடு) மண் போட்டு மூடினாரு. அப்புறம் போர்க்களத்துச் சிப்பாய் மாதிரி வயித்தால ஊர்ந்து போய், பிட்ச்சர் கையில தடவிக்கிற பொடிப் பையை எடுத்து, வெடிகுண்டு எறியுற மாதிரி அம்பயர் காலடியில எறிஞ்சாரு. அந்தக் காணொளியை உலகமே பார்த்துச் சிரிச்சது. அதுல கவனிக்க வேண்டிய ஆளு வெல்மன் இல்ல. சும்மா நின்னுக்கிட்டிருந்த அம்பயர்கள்தான். ஏற்கெனவே வெளியேத்தியாச்சு, இனி அவர் ஆடுற கூத்து அவரோட கணக்கு.

மேனேஜர் ஏன் கத்துறாருங்கிறதைப் புரிஞ்சுக்கிட்டாதான் அம்பயர் ஏன் கத்துறதில்லன்னு புரியும். தீர்ப்பை மாத்தணும்னு வர்றது ரொம்ப அபூர்வம், மாறாதுன்னு அவருக்கே தெரியும். பெரும்பாலும் தன் வீரரைக் காப்பாத்தத்தான் வருவாரு. பேட்டர் அம்பயர்கிட்ட மல்லுக்கு நிக்கிறான், இன்னும் ஒரு வார்த்தை பேசினா அவனை அனுப்பிடுவாங்க. மேனேஜர் இல்லாம ஆட்டம் நடக்கும், நாலாவதா அடிக்கிற முக்கியமான பேட்டர் இல்லாம கஷ்டம். அதனால அவர் ஓடி வந்து நடுவுல புகுந்து, அவனுக்குப் பதிலா தான் கத்தி, தான் வெளிய போவாரு. சில சமயம் தூங்கி வழியுற அணியை உசுப்பிவிடுறதுக்காக. சில சமயம் அடுத்த தீர்ப்புக்கு இப்பவே அச்சாரம் போடுறதுக்காக. சில சமயம் நிஜமாவே கோபம். இதுல எது நடக்குதுன்னு முதல் பத்து விநாடிக்குள்ள மோப்பம் பிடிக்கிற அம்பயருக்குப் பாதி வேலை முடிஞ்சுது. நாடகம் போட வந்தவர்கிட்ட வாதம் பண்ணிப் பிரயோஜனம் இல்ல. அவரை நடிச்சு முடிக்க விடணும், அவ்வளவுதான்.

இந்தச் சண்டைகள்ல உள்ளுக்குள்ள என்ன பேசிக்கிறாங்கன்னு பெரும்பாலும் வெளிய கேக்காது. அப்படிக் கேட்டதுல ரெண்டு தடவை அது பாடப்புத்தகம் ஆயிடுச்சு.

முதலாவது 1980 செப்டம்பர் 17. பால்டிமோர்ல டெட்ராய்ட் டைகர்ஸோட ஆட்டம். முதல் பேஸ்ல நின்ன அம்பயர் பில் ஹாலருக்கு ஒரு டி.வி. நிகழ்ச்சிக்காக மைக் மாட்டிவிட்டிருந்தாங்க. முதல் இன்னிங்ஸ்லயே பால்டிமோர் பிட்ச்சர் மைக் ஃப்ளானகன் மேல அவர் 'பாக்' கொடுத்தாரு (பேஸ்ல இருக்கிற ஓட்டக்காரரை ஏமாத்துற மாதிரி பிட்ச்சர் அசைஞ்சா அது குற்றம்). வீவர் டக்-அவுட்ல இருந்தே கத்த ஆரம்பிச்சாரு. ஹாலர் உடனே வெளியேத்தினாரு. சரியான முடிவு. அதோட முடிஞ்சிருக்கணும். ஆனா அதுக்கப்புறம்தான் ரெண்டு பேரும் ஆரம்பிச்சாங்க. நீ என்னைத் தொட்டே, இல்ல நீதான் தொட்டே. நீ பொய்யன், இல்ல நீதான் பொய்யன். கெட்ட வார்த்தைகளுக்குக் கணக்கே இல்ல. பேஸ்பால் ஜாம்பவான்களுக்கான புகழ் மண்டபத்துக்கு யார் போகப் போறாங்கன்னு வீவர் சவால் விட, உலகத் தொடர்கள்ல (சீசனோட இறுதிச் சாம்பியன் போட்டி) நீ தோத்த கதை தெரியாதான்னு ஹாலர் குத்திக் காட்டினாரு. (வீவர் 1996-ல புகழ் மண்டபத்துக்குப் போனாரு. ஹாலர் போகல.) நாலு உலகத் தொடர்ல ஒண்ணுதான் ஜெயிச்சவர்ங்கிறதால குத்தினது சரியான இடத்துலதான். ஆனா அந்த நிமிஷத்துல ஹாலர் அம்பயர் இல்ல, தெருச்சண்டையில ரெண்டாவது ஆளு. இருபது வருஷத்துக்கு மேல வேலை பார்த்த, நல்ல பேர் எடுத்த அம்பயர் அவரு. இன்னைக்கு அவர் பேரைச் சொன்னா பலருக்கு ஞாபகம் வர்றது இந்த ஒலிப்பதிவு மட்டும்தான்.

ரெண்டாவது 2016 மே 28, நியூயார்க். மெட்ஸ் அணிக்கும் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸுக்கும் ஆட்டம். முந்தின அக்டோபர்ல டாட்ஜர்ஸ் வீரர் சேஸ் அட்லி சறுக்கி மோதினதுல மெட்ஸ் வீரர் ரூபென் டெஹாடாவோட கால் எலும்பு முறிஞ்சிருந்தது. பழி தீர்க்கிற கணக்கு பாக்கி. மூணாவது இன்னிங்ஸ்ல மெட்ஸ் பிட்ச்சர் நோவா சிண்டர்கார்ட் அட்லியோட முதுகுக்குப் பின்னாடி போற மாதிரி ஒரு பந்தை எறிஞ்சாரு. பிளேட் அம்பயர் ஆடம் ஹமாரி எச்சரிக்கைகூட கொடுக்காம அவரை நேரா வெளியேத்திட்டாரு. மெட்ஸ் மேனேஜர் டெர்ரி காலின்ஸ் எரிமலையா வெடிச்சுக்கிட்டு வந்தாரு.

அப்போ குறுக்க வந்தவர் அன்னைக்கு அம்பயர் குழுவுக்குத் தலைவரா இருந்த டாம் ஹாலியன். மைக் அவர் மேலதான் இருந்தது. (காணொளி ரெண்டு வருஷம் கழிச்சு 2018-ல கசிஞ்சுது.) ஹாலியன் குரல் உயர்த்தல. "டெர்ரி, டெர்ரி"ன்னு பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு. இளைய அம்பயர் ஹமாரி பக்கம் காலின்ஸ் திரும்பாத மாதிரி தன் உடம்பைக் குறுக்க வெச்சுக்கிட்டாரு. நீ தப்புன்னு ஒரு தடவைகூட சொல்லல. உன் கோபம் புரியுதுன்னு சொன்னாரு. ஆனா இந்த நிலைமையில நாங்க எதுவும் செய்யாம விட்டா மாட்டிக்கிறது நாங்கதான்னும் சொன்னாரு. (அவர் அதைச் சொன்ன விதம் அச்சில ஏத்துற மாதிரி இல்ல, ஆனா அது அமெரிக்காவுல பழமொழி மாதிரியே ஆயிடுச்சு.) காலின்ஸ் திட்டின திட்டு எதையும் ஹாலியன் காதுல வாங்கின மாதிரியே காட்டிக்கல. கொஞ்ச நேரத்துல காலின்ஸோட குரல் இறங்குது. சிண்டர்கார்டோட சேர்த்து அவரும் வெளியேற்றம்தான், தீர்ப்பு ஒரு அங்குலம்கூட அசையல. ஆனாலும் காலின்ஸ் தன்னை ஒருத்தர் மனுஷனா மதிச்சுக் கேட்டாருங்கிற நிலையில போறாரு. (ஆட்டத்துல அட்லி ரெண்டு ஹோம் ரன் அடிச்சாரு. மெட்ஸ் 9-1-னு தோத்தது. பழி தீர்க்கிறது எப்பவும் இப்படித்தான்.)

ரெண்டு ஒலிப்பதிவையும் அடுத்தடுத்து கேட்டா ஒரு விஷயம் பளிச்னு தெரியும். ஹாலருக்கு ஜெயிக்கணும். ஹாலியனுக்கு முடிக்கணும். வாதத்துல ஜெயிக்க வேண்டிய அவசியமே அம்பயருக்குக் கிடையாது, தீர்ப்பு ஏற்கெனவே அவர் பக்கம்தான் இருக்கு. பதிலுக்குப் பதில் பேசின அந்த நொடியில அவர் எதிர்க்கட்சி ஆயிடுறாரு. நடுவர் நாற்காலி காலியாயிடுது.

ஹாலியன் மாதிரி நிக்கிறது பிறவி குணம்னு நினைச்சா தப்பு. இது பழகுற வித்தை. அமெரிக்காவுல அம்பயர்களுக்குன்னே பள்ளிக்கூடம் இருக்கு, ஃப்ளோரிடாவுல ஹாரி வெண்டல்ஸ்டெட் நடத்தினது பேர் போனது. அங்க பந்து, பேஸ், சைகை எல்லாம் சொல்லிக்கொடுக்கிறதோட, வாத்தியார்களே மேனேஜர் வேஷம் கட்டி மாணவர் மூஞ்சிக்கு நேரா கத்துவாங்க. பொய் சொல்லுவாங்க, விதியைத் தப்பா சொல்லிக் குழப்புவாங்க. மாணவர் திருதிருன்னு முழிச்சாலும் தோல்வி, திருப்பிக் கத்தினாலும் தோல்வி.

கத்துக்கொடுக்கிற பாடங்கள்ல முதலாவது உடம்பு. மேனேஜர் வர்றப்போ அவரை நோக்கி ஒரு அடியும் எடுத்து வைக்கக் கூடாது. வர்றவர் வரட்டும், இருக்கிறவர் அங்கேயே இருக்கணும். கையை இடுப்புல வைக்கிறது, மார்புல கட்டுறது ரெண்டுமே சவால் விடுற மாதிரி தெரியும். விரலை நீட்டவே கூடாது. நிறைய அம்பயர்கள் கையைப் பின்னால கட்டிக்கிறது பழக்கமில்ல, பாதுகாப்பு. கை முன்னால இருந்தா கோபத்துல தானா எழுந்துடும்.

அடுத்தது காது. முதல்ல பேச விடணும். உலை கொதிக்கிறப்போ மூடியை அமுக்கிப் பிடிச்சா பொங்கித்தான் வழியும். கொஞ்சம் நகர்த்தி வெச்சா ஆவி போயிடும். ஆனா பேச விடுறதுக்கும் ஓர் எல்லை. கேள்வி கேட்டா பதில் உண்டு, அறிக்கை விட்டா பதில் கிடையாது. "எங்க நின்னு பார்த்தீங்க? கால் பேஸ்ல இல்லையா?"ன்னு கேட்டா, "பந்து கைக்கு வந்தப்போ கால் பேஸை விட்டு எழும்பியிருந்தது"ன்னு ஒரே வரியில சொல்லிடலாம். "ராத்திரி முழுக்க நீங்க இப்படித்தான் கொடுக்கிறீங்க"ன்னு சொன்னா அதுல கேள்வியே இல்ல, பதில் எதுக்கு? பார்த்ததை மட்டும் சொல்லணும், ஏன் அது நியாயம்னு விளக்கம் கொடுக்க ஆரம்பிச்சா மாட்டிக்குவாரு. அதே விஷயத்தை மேனேஜர் மூணாவது தடவை சொன்னா, "கேட்டுட்டேன். இனி ஆடலாம்." அவ்வளவுதான்.

குரல்ல ஒரு சின்ன தந்திரம். எதிராளி கத்தக் கத்த அம்பயர் குரலை இறக்கணும். என்ன சொல்றாருன்னு கேக்குறதுக்காவது மேனேஜர் கத்துறதை நிறுத்துவாரு. எப்பவும் பலிக்காது. பலிக்கிறப்போ ரொம்ப அழகா இருக்கும்.

கோடு எங்கங்கிறது முன்கூட்டியே தெரியணும், இதுதான் அதிகாரத்தோட முதுகெலும்பு. பில் க்ளெம் இதை நிஜக் கோடாவே போட்டாரு. 1905-ல இருந்து 1941 வரைக்கும் நேஷனல் லீக்ல அம்பயரா இருந்தவர், 18 உலகத் தொடர்ல நின்னவர், 1953-ல புகழ் மண்டபத்துக்குப் போனவர். வாக்குவாதம் எல்லை மீறினா ஷூ முனையால மண்ணுல ஒரு கோடு கிழிப்பாரு. முதுகைக் காட்டித் திரும்பி நடந்துடுவாரு. கோட்டைத் தாண்டினா வெளிய. கத்தவும் வேணாம், மிரட்டவும் வேணாம். (அவருக்கும் ஒரு பலவீனம் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்து யாரோ 'கெளுத்தி மீன்'னு பேர் வெச்சுட்டாங்க. அந்தப் பேரை யார் சொன்னாலும் உடனே வெளியேற்றம். இதைத் தெரிஞ்சுக்கிட்டு வேணும்னே சொன்னவங்களும் இருந்திருக்காங்க. எதைச் சொன்னா இவருக்குக் கோபம் வரும்னு எதிராளிக்குத் தெரிஞ்சுபோறது எந்த அம்பயருக்கும் நல்லதில்ல.)

இப்போ அந்தக் கோடுகள் மண்ணுல இல்ல, எல்லார் மனசுலயும் இருக்கு. தீர்ப்பைத் திட்டலாம், ஆளைத் திட்டக் கூடாது. "அது கேவலமான தீர்ப்பு"ன்னா பொறுத்துக்குவாங்க, "நீ கேவலமானவன்"னா வெளிய. அம்பயர் மேல கை பட்டா வெளிய. ஸ்ட்ரைக் பத்தி வாதாட இடத்தை விட்டு எழுந்து வந்தா வெளிய. போதும்னு கையைக் காட்டி எச்சரிச்சப்புறமும் தொடர்ந்தா வெளிய. அனுப்புறப்போ அனுபவசாலிகள் கையை வீசிச் சைகை காட்டிட்டு உடனே நகர்ந்துடுவாங்க. பக்கத்து பேஸ் அம்பயர் ஓடி வந்து நடுவுல நின்னுக்குவாரு. வெளியேத்தினவரும் வெளியேற்றப்பட்டவரும் நேருக்கு நேர் நிக்கிற நேரம் குறைஞ்சா ரெண்டு பேருக்கும் மரியாதை மிஞ்சும். 1980-ல ஹாலர் விஷயத்துல நடக்காம போனது இதுதான். ஆட்டம் முடிஞ்சதும் லீக்குக்கு அறிக்கை எழுதணும். அதுல யார் என்ன வார்த்தை சொன்னாங்கங்கிறதை அப்படியே, பச்சையா எழுதணும். அபராதமா தடையாங்கிறது மேலிடத்து வேலை.

மறுநாள்? புதுக் கணக்கு. அதே மேனேஜர் ஆட்டத்துக்கு முன்னாடி ஹோம் பிளேட்டுக்கு வந்து அணிப் பட்டியலைக் கொடுப்பாரு, அம்பயர் வாங்கிக்குவாரு. நேத்து நடந்ததை அம்பயரா எடுக்கக் கூடாது. மனசுல வெச்சுக்கிட்டாருன்னு ஒரு தடவை பேர் வந்தா, அப்புறம் அவர் கொடுக்கிற சரியான தீர்ப்பும் பழிவாங்கலாத்தான் தெரியும்.

சரி, அம்பயரே தப்பா கொடுத்திருந்தா? 2010 ஜூன் 2, டெட்ராய்ட். டைகர்ஸ் பிட்ச்சர் அர்மாண்டோ கலராகா கிளீவ்லாந்தோட 26 பேட்டர்களை வரிசையா அவுட் ஆக்கியிருந்தாரு. இன்னும் ஒருத்தர் அவுட் ஆனா 'பெர்ஃபெக்ட் கேம்'. அதுவரைக்கும் பெரிய லீக் வரலாற்றுல 20 தடவைதான் நடந்த விஷயம். 27-ஆவது பேட்டர் முதல் பேஸ்ல தெளிவா அவுட். அம்பயர் ஜிம் ஜாய்ஸ் 'சேஃப்'னு கையை விரிச்சாரு. மேனேஜர் ஜிம் லேலண்ட் வந்து வாதாடினாரு, வீரர்கள் திட்டினாங்க. ஜாய்ஸ் கண்ணு அப்படித்தான் பார்த்தது, தீர்ப்பை மாத்தல. ஆட்டம் முடிஞ்சு ரீப்ளே பார்த்தாரு. நொந்துபோய், பத்திரிகைக்காரங்ககிட்ட தப்பு தன்னோடதுன்னு ஒத்துக்கிட்டு, கலராகாகிட்ட நேர்ல மன்னிப்புக் கேட்டாரு. மறுநாள் பட்டியலைக் கொடுக்க லேலண்ட் தான் போகாம கலராகாவையே அனுப்பினாரு. ஜாய்ஸ் கண்ணீரோட வாங்கிக்கிட்டாரு. அதே மாசம் இ.எஸ்.பி.என் வீரர்கள்கிட்ட கருத்துக் கேட்டப்போ சிறந்த அம்பயர்னு அதிகம் பேர் சொன்னது ஜாய்ஸ் பேரைத்தான். தப்பை ஒத்துக்கிட்டா அதிகாரம் போயிடும்னு பயப்படுறவங்க இதைக் கவனிக்கணும். (ஆனா நேரம் முக்கியம். மைதானத்துல, நடு வாக்குவாதத்துல "தப்பாக்கூட இருக்கலாம்"னு இழுத்தா அன்னைக்குப் பொழுது அம்பயருக்கு நரகம்.)

கோபத்தை அடக்க முடியாத நடுவருக்கு நடந்ததையும் சொல்லியாகணும். 2007 ஏப்ரல்ல என்.பி.ஏ. கூடைப்பந்து ரெஃபரி ஜோயி க்ராஃபர்ட், பெஞ்சுல உக்காந்து சிரிச்சாருன்னு சான் அன்டோனியோ வீரர் டிம் டங்கனை வெளியேத்தினாரு. லீக் தலைவர் டேவிட் ஸ்டெர்ன் அந்த சீசன் முடியுற வரைக்கும் க்ராஃபர்டை ஒதுக்கி வெச்சாரு. சிரிப்புக்கு வெளியேற்றம்னா கூட்டம் யார் பக்கம் நிக்கும்?

ஃபுட்பால்ல வேற ஏற்பாடு. கோச்சோட நச்சரிப்பைத் தாங்குறதுக்குன்னே நாலாவது நடுவர் ஒருத்தர் கோட்டுப் பக்கம் நிப்பாரு. 2019-ல இருந்து கோச்சுக்கும் மஞ்சள், சிவப்பு அட்டை உண்டு. பெஞ்சுல இருந்து யார் கத்தினாங்கன்னு தெரியலன்னா அட்டை அங்க இருக்கிற மூத்த கோச்சுக்கு! (அருமையான விதி. இனி அவரே மத்தவங்க வாயை மூடிடுவாரு.) ஆனா மைதானத்துக்கு வெளிய அட்டை செல்லாது. 2023-ல புடாபெஸ்ட்ல நடந்த யூரோப்பா லீக் இறுதி ஆட்டத்துல தோத்த ரோமா கோச் ஜோசே மொரின்யோ, வண்டி நிறுத்துற இடத்துல ரெஃபரி ஆன்டனி டெய்லர் வர்ற வரைக்கும் காத்திருந்து திட்டினாரு. அவருக்கு நாலு ஆட்டத் தடை. டெய்லரையும் குடும்பத்தையும் மறுநாள் விமான நிலையத்துல ரசிகர்கள் சூழ்ந்துக்கிட்டாங்க. கோச் மூட்டுற தீ எங்க போய்ப் பிடிக்கும்னு கோச்சுக்கே தெரியாது.

கிரிக்கெட்ல மல்லுக்கு நிக்கிறது வழக்கமா கேப்டன். 1999 ஜனவரியில அடிலெய்ட்ல அம்பயர் ராஸ் எமர்சன், முத்தையா முரளிதரன் எறியுறாருன்னு நோ-பால் கொடுத்தப்போ இலங்கை கேப்டன் அர்ஜுன ரணதுங்க விரலை நீட்டிப் பேசி, அணியை எல்லைக் கோடு வரைக்கும் கூட்டிக்கிட்டுப் போனது நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். கோச்சே உள்ள வந்தது 2022 ஏப்ரல் 22, மும்பை வான்கடேயில நடந்த ஐ.பி.எல். ஆட்டத்துல. டெல்லிக்குக் கடைசி ஓவர்ல 36 ரன் வேணும், ராஜஸ்தானோட ஒபெட் மெக்காய் போட்ட முதல் மூணு பந்தும் சிக்ஸர். மூணாவது இடுப்புக்கு மேல வந்த ஃபுல் டாஸ், நோ-பால் கொடுக்கலன்னு டெல்லி பெஞ்ச் கொதிச்சுது. கேப்டன் ரிஷப் பந்த் பேட்ஸ்மேன்களை வெளிய வரச்சொல்லிக் கையைக் காட்டினாரு. உதவி கோச் பிரவீன் ஆம்ரே உள்ளயே ஓடிட்டாரு. அம்பயர் நிதின் மேனன் நீளமா எதுவும் பேசல, திருப்பி அனுப்பினாரு, தீர்ப்பு தீர்ப்புதான். டெல்லி 15 ரன்ல தோத்தது. ரிஷப் பந்துக்கு அந்த ஆட்டத்தோட முழுச் சம்பளமும் அபராதம், ஆம்ரேக்கு அதே அபராதத்தோட ஒரு ஆட்டத் தடை.

அம்பயரோட இந்த அதிகாரமெல்லாம் பின்னால ஒரு அமைப்பு நிக்கிறவரைக்கும்தான் பலிக்கும். 1977-ல டொரன்டோவுல, மைதான ஓரத்துல விரிச்சிருந்த தார்ப்பாயை எடுக்கலங்கிற சண்டையில வீவர் தன் அணியை மைதானத்துல இருந்து கூட்டிக்கிட்டுப் போனாரு. அம்பயர் மார்ட்டி ஸ்பிரிங்ஸ்டெட் காத்திருந்தாரு, வரல, 9-0-னு டொரன்டோவுக்கு ஆட்டத்தைக் கொடுத்தாரு. அது அப்படியே நின்னுது. 2006-ல ஓவல் டெஸ்ட்ல பந்தைச் சேதப்படுத்தினதா அபராதம் போட்டதுக்கு எதிர்ப்பா பாகிஸ்தான் தேநீர் இடைவேளைக்கு அப்புறம் வரல. டாரல் ஹேரும் பில்லி டாக்ட்ரோவும் பெயில்ஸைத் தட்டி ஆட்டத்தை இங்கிலாந்துக்குக் கொடுத்தாங்க. விதிப்படி சரி. ஆனா ஐ.சி.சி. 2008-ல அதை டிரான்னு மாத்தி, 2009-ல மறுபடி இங்கிலாந்து வெற்றின்னு மாத்திச்சு. 2006-லயே 5 லட்சம் டாலர் கொடுத்தா விலகிடுறேன்னு ஹேர் எழுதின மின்னஞ்சல் வெளிய வந்து, அவருக்கு இருந்த அனுதாபத்தையும் தின்னுடுச்சு.

அமைப்பே இல்லாத இடத்துல நிலைமை ரொம்ப மோசம். அமெரிக்கப் பள்ளிக்கூட ஆட்டங்கள்ல கேமரா இல்ல, காவலர் இல்ல, பல சமயம் கூட நிக்க இன்னொரு அம்பயர்கூட இல்ல. அங்க விதி படிப்படியா போகுது: எச்சரிக்கை, அப்புறம் கோச் பெஞ்சை விட்டு எழக் கூடாதுன்னு கட்டுப்பாடு, அப்புறம் வெளியேற்றம். உக்கார வைக்கிறது நல்ல ஏற்பாடு. கோச்சும் ஆட்டத்துல இருக்காரு, அம்பயர் காதும் தப்பிச்சுது. இருந்தும் 2018-19-ல இருந்து மூணு வருஷத்துல சுமார் 50,000 நடுவர்கள் விலகிட்டதா பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பே சொல்லிச்சு. கோவிட்டும் ஒரு காரணம்தான். ஆனா கோச்சுகளும் பெற்றோரும் வாயால பண்ற கொடுமையைத் தள்ளிட்டுப் பேச முடியாது.

பெரிய லீக்ல சண்டையோட வடிவமே மாறிக்கிட்டு வருது. 2014-ல ரீப்ளே முறையை விரிவாக்கினாங்க. பேஸ்ல அவுட்டா இல்லையாங்கிறதுக்கு மேனேஜர் கத்த வேணாம், மறுபரிசீலனை கேட்டா போதும். ரீப்ளே முடிவை எதிர்த்து வாய் திறந்தா நேரா வெளியேற்றம். மிச்சம் இருந்தது ஸ்ட்ரைக்கா இல்லையாங்கிற சண்டை. அதுக்கும் 2026 சீசன்ல கேமரா வந்தாச்சு: ஒரு அணிக்கு ரெண்டு முறையீடு, கேக்கிறவர் தலையில தட்டிக் காட்டணும், முறையீடு ஜெயிச்சா அந்த வாய்ப்பு கைவசமே இருக்கும். கேக்கிற உரிமை பேட்டருக்கும் பிட்ச்சருக்கும் கேட்ச்சருக்கும் மட்டும்தான். மேனேஜருக்குக் கிடையாது.